குழாயிலும் கால்வாயிலும் பாய்வுத் தடையைக் கணிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

வடிகால் வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களின் கணக்குத் தாளைத் திறந்தால், பெரும்பாலும் முதல் வரியிலேயே 0.015 என்று இருக்கும். கான்கிரீட்டுக்குச் சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வடிகால் விதித்தொகுப்பு தரும் மேனிங் எண், அதாவது ஓட்டத்துக்கான தடையைக் குறிக்கும் எண், அது. எண்ணில் தப்பில்லை, அது வந்து உட்கார்ந்த இடம்தான் தப்பு. அதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டால், கணக்கைச் சரிபார்ப்பவர் சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டிவரும்.

சொரசொரப்பு சுவருக்குச் சொந்தமானது. தடை அப்படி அல்ல. சுவர், நீரின் ஆழம், வேகம், கீழ்ப்பக்கத்து நீர்மட்டம் எல்லாம் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன. கீழே உள்ள படிகளின் வரிசை இதை வைத்தே அமைந்தது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டி முடித்த பிறகு எடுத்த அளவு வரைபடம் வேண்டும். வடிவமைப்பு வரைபடத்தை வைத்துச் சரிவு கணக்கிட வேண்டாம். 1:500 சரிவில் 20 மீட்டருக்கு இறக்கம் 40 மி.மீ.தான். கான்கிரீட் போடும்போது ஒரு முனை 10 மி.மீ. ஏறிவிட்டாலே அந்தத் துண்டின் சரிவில் கால்பங்கு போய்விடும்.

குழாய் என்றால் உள்விட்டம் வேண்டும். 630 மி.மீ. பாலித்தீன் குழாய் என்று பட்டியலில் இருப்பது வெளிவிட்டம். விட்டத்துக்கும் சுவர்த் தடிமனுக்கும் விகிதம் 17 ஆக உள்ள குழாயில் சுவர் சுமார் 37 மி.மீ. இருக்கும், ஆக உள்விட்டம் ஏறக்குறைய 555 மி.மீ. ஒரே பாய்வுக்கு உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். எனவே 630 என்று போட்டுக் கணக்கிட்டவருக்கு உண்மையான இழப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைத்திருக்கும். சொரசொரப்பைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு உள்விட்டத்தைக் கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கிறது.

நீரின் வெப்பநிலையும் வேண்டும். இங்கே 28 பாகை செல்சியஸ் என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது நீரின் ஒட்டுத்தன்மையைக் குறிக்கும் இயக்கப் பிசுக்குமை சுமார் 0.84 × 10⁻⁶ மீ²/வி. பாடநூல்கள் 20 பாகைக்கு 1.0 × 10⁻⁶ என்று தருகின்றன. பெரிய வடிகால் குழாய்களில் இந்த வேறுபாட்டால் உராய்வுக் கெழு அரை விழுக்காடுகூட மாறாது. வழுவழுப்பான சிறிய குழாய்களில்தான் அது கணக்கில் தெரியும்.

கடைசியாகப் படுகையின் புகைப்படமும், கீழ்ப்பக்கம் நீர் எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே நீர்மட்டம் என்ன என்ற தகவலும் தேவை. இரண்டுக்கும் பின்னால் வேலை வரும்.

2. குழாயா, கால்வாயா என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

வட்டமாக இருப்பதெல்லாம் குழாய் ஆகிவிடாது. நீருக்குத் திறந்த மேற்பரப்பு இருந்தால், அது நீரியல் கணக்கில் கால்வாய். மழைநீர்க் குழாய் பாதி நிரம்பி ஓடும்போது கால்வாய், முழுதாக நிரம்பி அழுத்தம் ஏறினால் குழாய். ஒரே மழைக்குள் இரண்டாகவும் இருக்கும்.

இது பெயர் பற்றிய விவகாரம் அல்ல. 1.5 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உள்ள பெட்டி மதகை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் கூரையைத் தொடாதவரை நனைந்த சுற்றளவு, அதாவது வெட்டுமுகத்தில் நீர் தொடும் சுவரின் நீளம், 3.5 மீட்டர். தொட்டவுடன் 5 மீட்டர். பரப்பு அதேதான், ஆனால் உராயும் சுவர் திடீரென்று கூடிவிட்டது. அதே சரிவில் பாய்வு 21 விழுக்காடு குறையும். வட்டக் குழாயிலும் இதே கதை. விட்டத்தில் சுமார் 94 விழுக்காடு ஆழத்தில் ஓடும்போதுதான் பாய்வு உச்சம், முழுதும் நிரம்பியதைவிட ஏறக்குறைய 7 அல்லது 8 விழுக்காடு கூடுதல். அந்தக் கூடுதலை நம்பி வடிவமைக்காதீர்கள். மட்டம் சற்று அலைபாய்ந்தாலும் குழாய் அடைத்து நிரம்பிவிடும்.

3. ஓட்டம் எந்த வகை என்று பாருங்கள்

1933-இல் நிக்குராட்சே என்ற ஆய்வாளர் குழாய்களின் உட்சுவரில் மணலை ஒட்டிச் செய்த சோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. நமக்கு அவற்றிலிருந்து வேண்டியது ஒரு சோதனை எண். உராய்வுத் திசைவேகத்தை (சுவரில் நீர் உராயும் வலிமையை வேகமாகச் சொல்லும் அளவு) சொரசொரப்பு உயரத்தால் (சுவரின் மேடுகளின் உயரம்) பெருக்கி, இயக்கப் பிசுக்குமையால் வகுக்க வேண்டும். விடை 5-க்குக் கீழே என்றால் சுவர் நீருக்கு வழுவழுப்பு. 70-க்கு மேலே என்றால் முழுச் சொரசொரப்பு. நடுவில் இருந்தால் இரண்டுங்கெட்டான்.

மேனிங் சூத்திரம் முழுச் சொரசொரப்பு ஓட்டத்துக்கு உரியது, அதில் பிசுக்குமைக்கே இடம் இல்லை. கான்கிரீட் வடிகால், கல் பாவிய கால்வாய், மண் ஓடை இவற்றுக்கு அது போதும். வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயில் மெதுவாக ஓடும் நீருக்கு அதைப் பயன்படுத்தினால், வேகத்துக்கு வேகம் எண் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே டார்சி-வைஸ்பாக் சூத்திரத்தையும் 1939-இல் கோல்புரூக் தந்த சமன்பாட்டையும் எடுங்கள். அந்தச் சமன்பாடு மூன்று வகைக்கும் பொருந்தும். குடிநீர்க் குழாய்க்காரர்கள் விரும்பும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தை அந்த வேலையோடு விட்டுவிடுவது நல்லது.

4. குழாய்க் கணக்கு

600 மி.மீ. உள்விட்டமுள்ள கான்கிரீட் குழாய் நிரம்பி ஓடுகிறது, பாய்வு வினாடிக்கு 0.5 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சொரசொரப்பு உயரம் 0.6 மி.மீ. வேகம் 1.77 மீ/வி. ரெனால்ட்ஸ் எண் (வேகம் × விட்டம் ÷ இயக்கப் பிசுக்குமை) 12.6 லட்சம்.

கோல்புரூக் சமன்பாட்டில் உராய்வுக் கெழு இரு பக்கமும் இருப்பதால் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். 1976-இல் சுவாமியும் ஜெயினும் தந்த நேரடி வடிவம் போதும்:

உராய்வுக் கெழு = 0.25 ÷ [மடக்கை (அ + ஆ)]²
அ = சொரசொரப்பு உயரம் ÷ (3.7 × விட்டம்)
ஆ = 5.74 ÷ (ரெனால்ட்ஸ் எண்ணின் 0.9 அடுக்கு)

நம் குழாய்க்கு விடை 0.0200. கோல்புரூக்கைப் பொறுமையாகப் போட்டால் 0.0199. அடுத்து, டார்சி-வைஸ்பாக் சூத்திரப்படி இழப்பு:

இழப்பு = உராய்வுக் கெழு × (நீளம் ÷ விட்டம்) × (வேகத்தின் வர்க்கம் ÷ இருமடங்கு புவியீர்ப்பு முடுக்கம்)

100 மீட்டர் நீளத்துக்கு 0.53 மீட்டர் நீர் உயரம் வரும்.

இங்கே இரண்டு வழுக்குப் பாறைகள். உங்கள் விடை 0.0038 என்று வந்தால், பத்தின் அடிமான மடக்கைக்குப் பதிலாக இயல் மடக்கையைப் போட்டிருக்கிறீர்கள். 0.005 என்று ஒரு வரைபடத்திலிருந்து படித்திருந்தால், அது ஃபேனிங் கெழு, டார்சி கெழுவில் நான்கில் ஒரு பங்கு. ஜூரோங் தீவில் வேலை பார்க்கும் வேதிப் பொறியாளர்களின் கையேடுகளில் ஃபேனிங் சகஜம். நண்பரிடம் வாங்கிய வரைபடம் என்றால் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுதாமல் இருந்தால், சீரோட்டக் கோடு (மெதுவான, கலங்காத ஓட்டத்துக்கு உரியது) உதவும். ரெனால்ட்ஸ் எண்ணால் 64-ஐ வகுத்தது என்றால் டார்சி, 16-ஐ வகுத்தது என்றால் ஃபேனிங்.

சொரசொரப்பு உயரத்தில் சந்தேகம் இருந்தால் அதை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். 1.2 மி.மீ. என்று போட்டால் உராய்வுக் கெழு 0.0236 ஆகிறது. உள்ளீடு நூறு விழுக்காடு கூடியும் இழப்பு 18 விழுக்காடுதான் கூடுகிறது. மடக்கை அவ்வளவு பெருந்தன்மையானது. இனி, சொரசொரப்பை மாற்றாமல் குழாயின் உட்சுவர் முழுக்க 10 மி.மீ. படிவு ஏறியதாக வையுங்கள். விட்டம் 580. இழப்பு ஏறக்குறைய அதே அளவு, 19 விழுக்காடு கூடுகிறது. ஆக, பழைய குழாயைக் கணிக்கும்போது சுவர் எவ்வளவு கரடுமுரடு என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். கேமரா ஆய்வு அறிக்கை இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

இந்தக் குழாயின் தடையை மேனிங் எண்ணாக மாற்றினால் 0.0116 வருகிறது. விதித்தொகுப்பில் கான்கிரீட்டுக்கு 0.015 என்று இருக்கிறதே? 600 மி.மீ. குழாயில் 0.015 கிடைக்க வேண்டுமானால் சொரசொரப்பு உயரம் சுமார் 4 மி.மீ. இருக்க வேண்டும். எந்தப் புதுக் கான்கிரீட்டும் அவ்வளவு சொரசொரப்பு இல்லை. மூட்டுகள், வண்டல், தேய்மானம், நேர்கோடு தவறிய பதிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த வடிவமைப்பு மதிப்பு அது. இதைப் புரிந்துகொண்டால் ஒரே கணக்கில் இருமுறை பாதுகாப்புச் சேர்க்க மாட்டீர்கள். 0.015-ஐயும் போட்டு, அதற்கு மேல் மூட்டுகளுக்கு என்று தனியாகப் பத்து விழுக்காடும் கூட்டிய தாள்கள் வருவதுண்டு.

5. கால்வாய்க் கணக்கு

நம் ஊர் லோங்காங் (திறந்த வடிகால்) ஒன்றை எடுப்போம். அகலம் 1.5 மீட்டர், நீரின் ஆழம் 1 மீட்டர், சரிவு 1:500, கான்கிரீட்.

வேகம் = (1 ÷ மேனிங் எண்) × நீரியல் ஆரத்தின் 2/3 அடுக்கு × சரிவின் வர்க்கமூலம்

பரப்பு 1.5 ச.மீ. நனைந்த சுற்றளவு அடிப்பகுதியும் இரு சுவர்களும் சேர்ந்து 3.5 மீட்டர். நீரியல் ஆரம், அதாவது பரப்பு ÷ நனைந்த சுற்றளவு, 0.429. வேகம் 1.69 மீ/வி, பாய்வு வினாடிக்கு 2.54 கன மீட்டர். கான்கிரீட் வடிகாலில் வேகம் 1 மீ/வி-க்குக் குறையாமலும் 3 மீ/வி-க்கு மிகாமலும் இருக்க வேண்டும், இது நடுவில் நிற்கிறது.

அகன்ற ஆற்றுக்கு மட்டும் பொருந்தும் சுருக்குவழி ஒன்று உண்டு: நீரியல் ஆரத்துக்குப் பதில் ஆழத்தையே போடுவது. இந்த லோங்காங்கில் அப்படிப் போட்டால் வேகம் 2.98 மீ/வி என்று வரும், உண்மையைவிட 76 விழுக்காடு அதிகம். எக்செல் எதுவும் சொல்லாது. நேர்மாறாக, நீரின் மேற்பரப்பையும் சுற்றளவில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காற்று உராய்வது சொற்பம், அதைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கிடைப்பது இரண்டாம் படியில் பார்த்த நிரம்பிய மதகின் விடை.

அமெரிக்கப் பழைய நூலிலிருந்து சூத்திரத்தை எடுத்தால் முன்னால் 1.486 என்று ஓர் எண் நிற்கும். அது அடிக் கணக்குக்கு உரியது. மீட்டரில் அதற்கு வேலை இல்லை. மேனிங் எண் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

6. படுகை ஒன்று, சுவர் வேறு என்றால்

கட்டுமானத் தளங்களை ஒட்டிய வடிகால்களில் அடியில் கல்லும் சரளையும் சேர்ந்துவிடும். சுவருக்கு 0.015, படுகைக்கு 0.030 என்று வைப்போம். சராசரி எடுத்து 0.0225 என்று எழுதுவது சுலபம். ஆனால் எந்தப் பரப்பு எவ்வளவு நீளம் நீரைத் தொடுகிறது என்பதை அது பார்ப்பதில்லை.

சரியான வழி: ஒவ்வொரு பகுதியின் எண்ணையும் 1.5 அடுக்குக்கு ஏற்றி, அந்தப் பகுதியின் நனைந்த நீளத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். மொத்தச் சுற்றளவால் வகுத்து, விடையை 2/3 அடுக்குக்கு ஏற்றுங்கள். நம் லோங்காங்குக்கு 0.022 வருகிறது. இங்கே நேர்ச் சராசரிக்குப் பக்கத்தில் வந்திருப்பது ஆழமும் அகலமும் ஒத்துப்போனதால்தான். ஆழம் 0.3 மீட்டர் என்று குறைத்துப் பாருங்கள், படுகையின் பங்கு ஏறிவிடும். அதாவது ஒரே வடிகாலுக்கு ஆழத்துக்கு ஆழம் எண் வேறு.

0.022 வந்தால் பாய்வு 2.54-இலிருந்து 1.73 கன மீட்டருக்கு இறங்குகிறது. கற்கள் அடைத்துக்கொண்ட இடத்தை நான் கழிக்கக்கூட இல்லை, அதையும் கழிக்க வேண்டும்.

7. புல், கல், வளைவு

காலாங் ஆற்றின் ஒரு பகுதி பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. நீள நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை 3.2 கி.மீ. நீளத்துக்கு வளைந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012-இல் பூங்காவைத் திறந்தார்கள். தடையைக் கணிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இங்கே இல்லை.

முதலில் புல்லை மறந்துவிடுங்கள். இரு முனைகளின் மட்டங்கள் மாறவில்லை என்று கொண்டால், நீளம் கூடியதாலேயே சரிவு 16 விழுக்காடு குறைகிறது, அதனால் வேகம் 8 விழுக்காடு குறைகிறது. இதைச் சரிவில் கணக்கிட்ட பிறகு, மேனிங் எண்ணிலும் ‘வளைவுக்காக’ என்று மறுபடி ஏற்றக் கூடாது. 1956-இல் கோவன் தந்த முறையில் வளைவுக்குத் தனிப் பெருக்கி உண்டு, ஆனால் வளைந்த நீளத்துக்கும் நேர் நீளத்துக்கும் விகிதம் 1.2-க்குள் இருந்தால் அது 1 தான். இங்கே விகிதம் 1.19.

கோவன் முறை கூட்டல் கணக்கு. மண் படுகைக்கு 0.020, கரையின் சிறு மேடுபள்ளங்களுக்கு 0.005, வழியில் கிடக்கும் பாறை, மரத்துண்டு போன்ற சிறு தடங்கல்களுக்கு 0.010, நடுத்தரச் செடிகொடிக்கு 0.020. மொத்தம் 0.055. இந்த எண்கள் பயிற்சிக்கு நான் வைத்தவை, அந்த ஆற்றின் அளவீடுகள் அல்ல. கான்கிரீட்டின் 0.015-ஓடு ஒப்பிட்டால் ஒரே பாய்வைக் கொண்டுபோக எவ்வளவு அகலமான வெட்டுமுகம் வேண்டும் என்பது விளங்கும். அந்தப் பூங்காவின் புல்வெளியே வெள்ளக்காலத்தில் ஆற்றின் பகுதியாகிவிடுவது இதனால்தான்.

புல்லுக்கு நிலையான எண் கிடையாது. நிமிர்ந்து நிற்கும் புல்லுக்கு நடுவே சில சென்டிமீட்டர் நீர் ஊர்ந்தால் மேனிங் எண் 0.2-ஐத் தாண்டும். வெள்ளம் ஏறிப் புல் சாய்ந்துவிட்டால் அதே புல் 0.03 பக்கம் இறங்கிவிடும். எனவே சாலையோரப் புல் வாய்க்காலுக்கும் ஆற்றங்கரைக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள்.

கல்லுக்கு ஸ்டிரிக்லர் வழி உண்டு: மீட்டரில் நடுத்தரக் கல்லின் அளவை 1/6 அடுக்குக்கு ஏற்றி 21.1 ஆல் வகுக்கவும். 100 மி.மீ. கல்லுக்கு 0.032. கல்லின் அளவைத் தப்பாக இருமடங்கு எடுத்தாலும் விடை 12 விழுக்காடுதான் கூடும், அதனால் ஒவ்வொரு கல்லாக அளந்துகொண்டிருக்க வேண்டாம். ஆனால் நீரின் ஆழம் கல்லின் அளவைப்போல மூன்று நான்கு மடங்குக்குக் கீழே போனால் இந்தச் சூத்திரத்தை மூடி வைத்துவிடுங்கள். அப்போது நீர் கற்களின் மேல் ஓடவில்லை, நடுவே புகுந்து ஓடுகிறது.

8. உராய்வு அல்லாத இழப்புகள்

நீளம் குறைந்த மதகில் சுவர் உராய்வைத் துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டு நுழைவாயிலை விட்டுவிடுவது வழக்கமான பிழை. நான்காம் படியின் குழாய் 20 மீட்டர்தான் என்றால் உராய்வு இழப்பு 0.11 மீட்டர். கூர்விளிம்பு நுழைவுக்கு 0.5, வெளியேற்றத்துக்கு 1.0 என்ற கெழுக்களைப் போட்டு, (வேகத்தின் வர்க்கம் ÷ இருமடங்கு புவியீர்ப்பு முடுக்கம்) என்பதோடு பெருக்கினால் அந்த இரண்டு மட்டும் 0.24 மீட்டர், உராய்வைப்போல இரு மடங்குக்கும் மேல். இதை மேனிங் எண்ணை ஏற்றிச் சரிக்கட்டாதீர்கள். நீளம் மாறினால் அந்த ஒட்டு பிய்ந்துவிடும்.

கீழ்ப்பக்க நீர்மட்டமும் இப்படித்தான். மேனிங் சூத்திரத்தில் படுகைச் சரிவைப் போடும்போது, ஓட்டம் சீரானது, அதாவது வழிநெடுக ஆழமும் வேகமும் மாறாதது என்று சத்தியம் செய்கிறீர்கள். கடலோரத்தை ஒட்டிய வடிகாலில் கடல் ஏற்றத்தின்போது நீர் தேங்கி நிற்கும். அங்கே படுகை 1:500 ஆக இருக்கலாம், நீர்மட்டத்தின் சரிவோ மிகச் சிறிது. கீழ்முனை மட்டத்திலிருந்து தொடங்கி, துண்டு துண்டாக மேல்நோக்கிக் கணக்கிடுங்கள். இந்தக் கணக்கில் உராய்வுச் சரிவு ஒவ்வொரு துண்டிலும் மாறும்.

9. களத்தில் சரிபார்த்தல்

லோங்காங்குக்குள் இறங்காதீர்கள். இங்கே இடிமழையில் வடிகால் நிமிடங்களில் நிரம்பும். மேலிருந்தே எல்லாம் செய்யலாம்.

பக்கவாட்டில் வேறு வடிகால் சேராத, நேரான 50 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். இரு முனைகளிலும் நீர்மட்டத்தை அளவெடுங்கள். மிதக்கும் பொருளின் வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் ஏறக்குறையச் சராசரி வேகம். ஆழம் இரு முனையிலும் 0.60 மீட்டர், அகலம் 1.5, மட்ட வீழ்ச்சி 95 மி.மீ., சராசரி வேகம் 1.16 மீ/வி என்றால், மேனிங் எண் 0.018 என்று திரும்பக் கிடைக்கும்.

எதில் கவனம் வேண்டும்? மட்டத்தில் 5 மி.மீ. பிழை வந்தால் எண் சுமார் இரண்டரை விழுக்காடு மாறும். வேகத்தில் 10 விழுக்காடு பிழை வந்தால் எண்ணும் 10 விழுக்காடு மாறும். எனவே மட்டக் கருவியோடு மல்லுக்கட்டும் நேரத்தை மிதவையை மறுபடி மறுபடி விடுவதில் செலவிடுங்கள், நடுவிலும் ஓரங்களிலும்.

10. இரண்டு எண்களோடு முடியுங்கள்

கொள்ளளவைச் சோதிக்க உயர்ந்த எண். வேகத்தையும் அரிப்பையும் சோதிக்கத் தாழ்ந்த எண். ஒரே எண்ணை இரண்டுக்கும் போட்டால் ஒரு பக்கம் கட்டாயம் ஏமாற்றும்.

ஐந்தாம் படியின் லோங்காங்கில் 0.015 என்றபோது ஃப்ரௌடு எண் (வேகம் ÷ புவியீர்ப்பு முடுக்கம் × ஆழம் என்பதன் வர்க்கமூலம்) 0.54, அது 1-க்குக் கீழே என்பதால் ஓட்டம் அமைதி. கான்கிரீட் புதிதாக, 0.012 ஆக இருந்தால், அதே 2.54 கன மீட்டர் நீர் 0.84 மீட்டர் ஆழத்தில் 2 மீ/வி வேகத்தில் ஓடும், ஃப்ரௌடு எண் 0.70. இன்னும் 1-ஐத் தொடவில்லை. ஆனால் சரிவு இதைவிடக் கூடுதலாக உள்ள வடிகாலில் புதுக் கான்கிரீட் ஓட்டத்தை ஃப்ரௌடு எண் 1-ஐத் தாண்டிய வேக நிலைக்குத் தள்ளி, வளைவில் நீரை வெளியே எறியும். பழைய கான்கிரீட்டை வைத்து மட்டும் கணக்கிட்டவருக்கு அது தெரியவே வராது.

தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது விதித்தொகுப்பில் எடுத்ததா, களத்தில் அளந்ததா, கணிப்பா என்று ஒரு சொல் எழுதுங்கள். அளந்தது என்றால் எந்த ஆழத்தில் என்பதையும் சேர்த்து.